கேள்வி எந்த பெஞ்சுக்குப் போகிறது?

கற்பித்தல் பயிற்சியில் நாங்கள் எழுதும் பாடக்குறிப்பில் கற்றல் நோக்கம், ஆர்வமூட்டல், செயல்பாடு, மதிப்பீடு என எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், ஆசிரியர் எங்கே நிற்பார் என்பதற்கு மட்டும் இல்லை. அதனால் நான் முதலில் ஓரத்தில் வகுப்பறையைச் சின்னப் படமாக வரைந்துகொள்கிறேன். அப்புறம்தான் குறிப்பு.

இது உற்றுநோக்கலில் வந்த பழக்கம். இன்னொருவர் பாடம் நடத்தும்போது பின்னால் உட்கார்ந்து, கேள்வி யாருக்குப் போகிறதோ அந்த இருக்கையில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மணி அடிப்பதற்குள் முன்வரிசையிலும் நடுவிலும் கோடுகள் குவிந்துவிடும். பின் ஓரங்கள் வெள்ளையாகவே கிடக்கும். ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இலேயே இதை எழுதிவிட்டார்கள். முன்பக்கமும் நடுவுமான அந்தப் பகுதிக்குச் 'செயல் மண்டலம்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆர்வமுள்ள பிள்ளைதான் முன்னால் போய் உட்காருகிறதா, முன்னால் இருப்பதால் ஆர்வம் வருகிறதா என்று வாதாடலாம். என்னைக் கேட்டால், ஆசிரியர் கரும்பலகையை விட்டு நகர்ந்து, ஜன்னலோரம் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது அந்த வாதத்தைவிடப் பயனுள்ளது.

மேசைகளைக் குழுவாகப் போட்டாலே நவீன வகுப்பு என்றொரு எண்ணமும் எங்களிடையே இருக்கிறது. எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, தனியாகக் கணக்குப் போடு, பேசாதே என்றால் எப்படி? தனி வேலைக்கு வரிசை நல்லது, கலந்து பேச குழு நல்லது. அவ்வளவுதான்.

சுவர் அலங்காரம் கொஞ்சம் சங்கடமான விஷயம், ஏனென்றால் அதற்குப் பயிற்சியில் பாராட்டு கிடைக்கிறது. 2014இல் அமெரிக்காவில் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்திச் சோதித்தார்கள். வெறும் சுவர் அறையில் நடந்த பாடங்களுக்கு 55 சதவீதம் சரியான விடை. அலங்கார அறையில் 42. சிறிய ஆய்வுதான், அதுவும் மிகச் சின்னப் பிள்ளைகள். இருந்தாலும் இன்றைய பாடத்துக்கு வேண்டிய படத்தை மாட்டிவிட்டுப் போன மாதத்து சார்ட்டை எடுத்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, பாடத்தைச் சுவாரசியமாக்குவது? விளையாட்டு, பாட்டு, வீடியோ எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சிரிப்பும் சத்தமும் எழும்போதும் பேசுவது அதே நாலைந்து பேராக இருக்கலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் நேரத்தை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பயிற்சி ஆசிரியருக்கு அந்த மூன்று விநாடி ஒரு யுகம். பின்னால் வழிகாட்டி ஆசிரியர் நோட்டுடன் உட்கார்ந்திருக்கும்போது மௌனம் என்றாலே நாம் திணறுகிறோம் என்று எழுதிவிடுவாரோ என்று தோன்றும். நான் பாடக்குறிப்பிலேயே கேள்விக்குப் பக்கத்தில் 'பொறு' என்று எழுதிவைக்கிறேன். கூச்சப்படும் பிள்ளையைத் திடீரென்று எழுப்பி நிறுத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுச் சொல் என்கிறேன்.

இந்தக் கோடுகளும் விநாடிகளும் உத்திக் கணக்கு மட்டும் இல்லை, அறம் சார்ந்தவை. ஒரு மணி நேரப் பாடத்தில் யாருக்கு எத்தனை வாய்ப்பு என்று பங்கிடுவது நாம்தானே? மதிப்பெண்ணை உரக்கப் படிப்பது, ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையை ஆசிரியர் அறையில் பேசுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். 1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 28ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தரங்கத்துக்கு 16ஆம் பிரிவு இருக்கிறது.

எங்கள் தலைமுறை பயிற்சி ஆசிரியர்கள் அதிகம் சறுக்குவது அந்த 16ஆம் பிரிவில்தான். பயிற்சிப் பதிவேட்டுக்கென்று எடுக்கும் வகுப்புப் படம் அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. பதில் தெரியாமல் நிற்கும் முகமும் அதில் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செயல்பாடு நடந்ததற்குச் சான்றுதான் வேண்டுமென்றால் கரும்பலகையையும், பெயர் தெரியாதபடி மடித்துவைத்த விடைத்தாள்களையும் படம் எடுத்தால் போதும், முகம் வேண்டியதில்லை.