சேற்றைக் காயவிடுங்கள்

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தால், கோலாலம்பூரில் குதிரை வளர்ப்பவர்களுக்கு அன்றைய மாலை வேலை என்னவென்று தெரிந்துவிடும். ஒரு மழை கொட்டி ஓய்வதற்குள் மேய்ச்சல் திடல் குழம்பாகி, குதிரை வயிறு வரை செம்மண் அப்பிக்கொண்டு வந்து நிற்கும். உடனே பைப்பைத் திறந்து பளிச்சென்று கழுவத்தான் கை பரபரக்கும். தோலுக்கு அதுதான் கெடுதல்.

குதிரைத் தோலின் மேலடுக்கு, இறந்த செல்களும் அவற்றுக்கு இடையே கொழுப்பும் சேர்ந்த ஒரு தடுப்பு. மயிரில் படியும் எண்ணெய் மழைநீரைப் பெருமளவு வழித்துவிடும். வெகுநேரம் நனைந்தே இருந்தால் இந்தத் தடுப்பு ஊறி இளகிப் போகும். அடிக்கடி ஷாம்பு போட்டால் எண்ணெயும் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஈரச் சேற்றைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால், அதிலுள்ள மணல் உப்புத்தாள் மாதிரி தோலைக் கீறும்.

கீறலுக்காகக் காத்திருக்கும் கிருமிகளில் முக்கியமானது டெர்மடோபிலஸ் காங்கோலென்சிஸ். 1915-இல் பெல்ஜிய காங்கோவில் மாடுகளிடம் முதலில் விவரிக்கப்பட்ட பாக்டீரியா இது. காய்ந்த பொருக்குக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் நீந்தக்கூடிய வித்துகளை வெளியே விடும். தோலிலிருந்து கசியும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து அவை அதை நோக்கி நீந்துகின்றன! குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்க மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தால் ஆரம்பம் தெரியும்: சின்னச் சின்னப் பொருக்குகள், இழுத்தால் மயிர்க்கொத்தோடு கையில் வரும், அடியில் ஈரமான இளஞ்சிவப்புத் தோல். அதைப் பிய்க்காதீர்கள், குதிரைக்கு வலி உயிர் போகும். பூச்சிகளாலும் வேறு கிருமிகளாலும் இதே மாதிரி புண் வரலாம் என்பதால், கால்நடை மருத்துவர் பார்ப்பதே சரி.

சரி, சேற்றை என்ன செய்வது? களிமண் துகள்கள் தட்டையானவை. அவற்றுக்கு நடுவிலுள்ள நீர்ப்படலம்தான் மயிரோடு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. நீர் வற்ற வற்றக் களிமண் சுருங்கி வெடிக்கும். விரலால் நசுக்கினால் மாவாக உதிர வேண்டும். பிசுபிசுத்தால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். உதிரும் பதம் வந்ததும் ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, அப்புறம் நீளமயிர்ப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். காலுக்கு மெதுவான பிரஷ்.

இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் குறிப்புகள் இதோடு நின்றுவிடும். நம் ஊரில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், லாயத்தில் சும்மா கட்டிவைத்தால் சேறு லேசில் காயாது. கான்கிரீட் தரையும் பெரிய மின்விசிறியும் இங்கே ஷாம்புவைவிட அவசியம் என்பேன். மயிரை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விசிறி தள்ளிவிடுவதால் ஆவியாதல் வேகமாகிறது. கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவி, கால் மடிப்பைத் துண்டால் ஒற்றி எடுத்து, விசிறிக்கு முன்னால் நிறுத்துங்கள். ஈரக் காலில் தடுப்புக் களிம்பு பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த கதைதான்.

குதிரை வேண்டுமென்றே சேற்றில் புரளும், அதைத் தடுக்க முடியாது. ஈக்கடிக்கு அது நல்ல கவசமும்கூட. அன்றைக்கே சவாரி போவதாக இருந்தால் சேணம் உட்காரும் முதுகு, வார் கட்டும் வயிறு, கடிவாளம் உரசும் முகம், இந்த இடங்களில் மட்டும் ஒரு மணல்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாலில் ஒட்டியிருப்பது நாளைக்கும் இருக்கட்டும்.