டிக்கெட்டில் இருக்கிற நேரத்தைக் கழித்துப் பார்க்காதீங்க

மண்ணடியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. காசிமேட்டு அக்கா ஒருவர் நியூயார்க்கில் இருக்கும் மகளைப் பார்க்க ஒரு கோடையில் கிளம்பினார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலைல நாலு மணிக்கு ஏறினா மதியம் ரெண்டரைக்கு இறங்கிடலாம், பத்தரை மணி நேரம்தானே தம்பி, ராமேஸ்வரம் போற மாதிரிதான்" என்றார்.

இந்தக் கணக்கைப் படித்தவர்களும் போடுகிறார்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது (நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் பத்தரை ஆகிவிடும்), அதையும் சேர்த்தால் அக்காவுக்கு 20 மணி நேரம். துபாய்க்கு நாலு, அங்கே காத்திருப்பு ரெண்டு, அப்புறம் ஒரே மூச்சில் 14.

அடுத்த கேள்வி எப்போதும் தூரம்தான். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் கிடையாது, "துபாய் சுத்திப் போனா எவ்ளோ வீண்" என்பார்கள். நேராகப் பறந்தாலே ஏறக்குறைய 13,450 கிலோமீட்டர். துபாய் வரை 2,900, அங்கிருந்து 11,000, கூட்டினால் 13,900 சொச்சம், சுற்று 500 கிலோமீட்டருக்குள்தான். பூமி உருண்டை, சுவரில் மாட்டிய உலகப் படம் தட்டை, அதனால்தான் விமானம் போகிற வழி அதில் பெரிய வளைவாகத் தெரிகிறது. நேரத்தைத் தின்பது நடுவில் இறங்கி உட்கார்ந்திருப்பதுதான். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று 11 மணி நேரக் காத்திருப்பை எடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு நாற்காலியில் தூங்குகிற பெரியவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் எந்த ஊர் நேரப்படி போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

இன்னொரு தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நம்ம வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட். ஞாயிறு காலை நாலு மணி விமானம் என்றால் ஒரு மணிக்கே அங்கே இருக்க வேண்டும், திருவொற்றியூர்க்காரர் சனி இரவு பதினொன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக ஏர்போர்ட் போகிறதுதான், ஆனால் அந்த நேரத்துக்கு ரயில் இருக்காது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை மட்டும் இருக்கும். 'ஞாயிறு' என்று பார்த்துவிட்டு ஞாயிறு ராத்திரி பெட்டியோடு போய் நின்ற குடும்பம் எனக்கே ரெண்டு தெரியும்.

திரும்பி வரும்போது மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் மேல்காற்று விமானத்தைத் தள்ளிவிடுவதால் பறக்கும் நேரம் குறையும், தேதிதான் ஏமாற்றும். அக்கா ஞாயிறு இரவு 11 மணிக்கு அங்கே ஏறினார், வந்து இறங்கியது செவ்வாய் விடியற்காலை மூணேகால். பையன் திங்கட்கிழமை விடியற்காலையே ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டு, "இன்னாண்ணா, அம்மாவைக் காணோமே" என்றான். தப்பு என்னுடையது, இறங்கும் தேதியை நான் சொல்லவேயில்லை. இப்போதெல்லாம் தாளின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: 'சனி ராத்திரி சாப்பிட்டுக் கிளம்பவும், செவ்வாய் விடியற்காலை அழைத்துப்போக வரவும்.'