பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு ஒரு வேலை

தமிழ்நாட்டில் 2011-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே லேப்டாப் கொடுத்ததால், பீரோ மேலோ பரணிலோ ஒரு பழைய லேப்டாப் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. ஆன் செய்தால் ஓடத்தான் செய்யும். ஆனால் நாம் டீ போட்டுக் குடித்துவிட்டு வரும்போது வால்பேப்பர் மட்டும் வந்திருக்கும். "பிராசசர் பழசாயிடுச்சு" என்று சொல்லி மறுபடி மேலே ஏற்றிவிடுவோம். பெரும்பாலும் குற்றவாளி பிராசசர் இல்லை.

அந்தக் காலத்து லேப்டாப்புகளில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. தட்டின் மேல் ஒரு சின்னக் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக சுமார் 12 மில்லிநொடி, போன பிறகு வேண்டிய இடம் சுழன்று அந்தக் கைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அது இன்னொரு 5.5 மில்லிநொடி. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளைப் பொறுக்கச் சொன்னால் நொடிக்கு ஏறக்குறைய அறுபதுதான் முடியும். விண்டோஸ் துவங்கும்போதோ ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. ஒரு துண்டு வந்து சேரும் அந்த 17 மில்லிநொடியில் 2 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு 3 கோடித் துடிப்புகளுக்கு மேல் போய்விடும், பாவம், அதற்குச் செய்ய வேலையே இருக்காது. 2 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால் இன்னும் மோசம், ரேமில் இடம் பண்ணுவதற்காகச் சிலவற்றைக் கொண்டுபோய் அதே டிஸ்கில்தான் எழுதும்.

சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் எஸ்எஸ்டி, அதாவது தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், போட்டால், நகரும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு 0.1 மில்லிநொடி அளவுக்கு இறங்கிவிடும். செலவழிக்கத் தயார் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். ஆனால் காசே செலவழிக்காமல் ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது.

மேலே சொன்ன சங்கடம் எல்லாம் சிதறிய துண்டுகளுக்குத்தான். வரிசையாக ஒரே இடத்தில் இருக்கும் பெரிய கோப்பு என்றால் கை அலைய வேண்டியதில்லை, தட்டு சுழலச் சுழலப் படித்துக்கொண்டே போகலாம், அப்போது அதே கிழட்டு டிஸ்க் நொடிக்கு 80 எம்பி போலக் கொடுக்கும். முழு எச்டி படம் ஒன்றைத் தடங்கலில்லாமல் ஓட்ட நொடிக்கு 1 எம்பி இருந்தாலே பெரும்பாலும் போதும். அதனால் யாரும் எதிரே உட்கார்ந்து காத்திருக்காத வேலையைக் கொடுங்கள்: வீட்டுக்கு ஒரு சர்வர். விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, திரையில் ஜன்னல் ஐகான் எதுவும் இல்லாமல் வெறுமனே நிறுவினால் 200 எம்பி ரேமுக்குள் அடங்கிவிடும். அதில் சம்பா என்ற மென்பொருளைப் போட்டால் லேப்டாப்பின் டிஸ்க் வைஃபையில் எல்லோருக்கும் பொது ஃபோல்டராகிவிடும், எல்லோருடைய போன் போட்டோக்களும் அங்கே போகலாம், படத்தை அங்கிருந்தே டிவியில் பார்க்கலாம். டிஸ்கும் வயசானது என்பதால் போட்டோக்களின் ஒரே பிரதி அதில் மட்டும் இருக்கக் கூடாது. மூடியை மூடினால் தூங்கிவிடும், அதை செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும். கீபோர்டு வழியாகவும் சூடு வெளியேறும் மாடல் என்றால் மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

கரண்ட் பில் பயம் வரும். திரை அணைந்து சும்மா இருக்கும் லேப்டாப் 10 முதல் 15 வாட் இழுக்கும். 15 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட். இதே வேலைக்குப் பழைய டெஸ்க்டாப்பை வைத்தால் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆகும், யூபிஎஸ் வேறு வாங்க வேண்டும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யூபிஎஸ். கால் மணி நேரம் தாங்கினாலும் போதும், கரண்ட் போனதும் பாதி எழுதிய கோப்பு கெடாமல் முறையாக அணைந்துகொள்ள வைக்கலாம்.

அந்தப் பேட்டரியில்தான் கவனம் வேண்டும். லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாதது இரண்டு, ஒன்று சூடு, இன்னொன்று எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பது. சர்வராக வைத்தால் நாள் முழுக்க சார்ஜரில்தான் இருக்கும், இரண்டும் சேர்ந்துவிடும், உள்ளே மெதுவாக வாயு உண்டாகும். சில மாடல்களில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு, இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒரு தடவை லேப்டாப்பை மேசையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடினாலோ, டச்பேட் மேலே எழும்பி அழுத்த முடியாமல் போனாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு, குத்தாமல் வளைக்காமல் அதைக் கழற்றிவிட வேண்டியதுதான், குப்பைத்தொட்டியில் மட்டும் போடாதீர்கள். பேட்டரி இல்லாமல் வெறும் சார்ஜரிலேயே பல மாடல்கள் ஓடும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும், அவ்வளவுதான்.