கன்று நடும் முன் ஓதம் வரும் வழியைப் பாருங்கள்

கடலோர வேலைக்கு வந்த புதிதில், காய்ந்து கிடந்த ஒரு சேற்றுத் திட்டில் ஆயிரக்கணக்கில் சுரபுன்னை என்ற கண்டல் (அலையாத்தி) மரக் கன்றுகளை நட்டோம். படம் எடுத்தார்கள், பலகை வைத்தார்கள். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. உப்புதான் வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்றும் பல ஊர்களில் இதே தவறு நடப்பதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

சிதம்பரம் அருகே உள்ள பிச்சாவரம் கண்டல் காட்டின் பெரும்பகுதியை அழித்ததும் இந்த உப்புதான். பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்து, தட்டுப்போல் குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் நீர் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போனது. கண்டல் உப்பைத் தாங்கும்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டே.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து அங்கே வேலையைத் தொடங்கியபோது முதலில் வெட்டியது வாய்க்கால். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகள், அப்படியே மீன்முள். ஓதம் தினமும் வந்து கழுவிப் போனதில் உப்பு குறைந்தது. அப்புறம்தான் வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் என்ற கண்டல் வகையை நட்டார்கள். முத்துப்பேட்டை கண்டல் காட்டிலும் இதே முறைதான்.

ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோகும். வெட்டியவர்கள் போன பிறகு வாருவது யார்? ஊர் கையில் பொறுப்பும் உரிமையும் இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஒரு கூட்டத்தில் நான் வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அதெல்லாம் சரி சார், மாட்ட எங்க கட்டுறது?" என்று கேட்டார். வெண்கண்டல் தழை மாட்டுக்குப் பிடித்த தீனி. அந்தக் கேள்வி எங்கள் திட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கன்று இடுப்பளவு வளரும்வரை மேய்ச்சலுக்கு வேறு இடம் என்று பேசி முடிக்கவே மூன்று கூட்டம் ஆனது. அந்த மூன்று கூட்டம்தான் கன்றுகளைக் காப்பாற்றியது.

உங்கள் ஊருக்கு யாராவது கன்றுகளோடு வந்தால், ஓதம் எந்த வழியாக உள்ளே வருகிறது, மூன்றாம் வருடம் தூர் வாரப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தாலுகா அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். சதுப்பு நிலம் பல இடங்களில் வனத்துறையிடம் இல்லை, வருவாய்த்துறைப் பதிவேட்டில் வெறும் தரிசு என்று கிடக்கிறது. தரிசு என்று எழுதிய நிலத்தை நாளை வேறு எதற்கும் கொடுத்துவிட முடியும்.