டிரினிட்டாரியோ: தீவின் பெயர் கொண்ட கொக்கோ

கொஞ்சம் விலை கூடிய டார்க் சாக்லேட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தால், கொக்கோ எங்கே விளைந்தது என்ற விவரத்துக்குப் பக்கத்தில் ‘டிரினிட்டாரியோ’ என்ற சொல் அச்சாகியிருப்பதைக் காணலாம். மடகாஸ்கர் சாக்லேட்டிலும் இருக்கும், வியட்நாம் சாக்லேட்டிலும் இருக்கும். இதைக் ‘கலப்பினக் கொக்கோ’ என்று பெயர்த்துவிடலாம், பொருள் தவறாகாது. ஆனால் சொல்லுக்குள் இருக்கும் ஊர் காணாமல் போய்விடும். அந்த ஊரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

சொல் ஸ்பானிய மொழிச் சொல். ‘டிரினிடாட்டைச் சேர்ந்தது’ என்று பொருள், அவ்வளவுதான். 1498 ஜூலை 31 அன்று கொலம்பஸ் அந்தக் கரீபியத் தீவை, அதன் மூன்று குன்றுகளைத் தூரத்திலிருந்து கண்டு, கிறிஸ்தவர்கள் வணங்கும் திரித்துவத்தின் (தந்தை, மகன், தூய ஆவி) பெயரை வைத்தார். ஸ்பானிய மொழியில் திரித்துவம் என்பதற்கான சொல்தான் ‘டிரினிடாட்’. ஆக, ‘டிரினிட்டாரியோ’வில் மூன்று என்ற எண் ஒளிந்திருப்பது உண்மை. அதற்காக மூன்று கொக்கோ ரகங்கள் கலந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கலந்தவை இரண்டு.

பெயர் பழகிய இடம் டிரினிடாட் அல்ல, எதிர்க்கரையிலிருக்கும் வெனிசுவேலா. 19ஆம் நூற்றாண்டில் தீவிலிருந்து கன்றுகள் அங்கே போனபோது, அங்குள்ள தோட்டக்காரர்கள் ‘டிரினிடாட்டுக் கொக்கோ’ என்று அழைத்தார்கள். இயல்புதானே. ஊர்ப் பெயரைச் சொல்லிப் பொருளைக் கேட்பவர்கள் அந்த ஊருக்கு வெளியே இருப்பவர்கள்தான்; மதுரைக்காரர்களுக்கு மல்லி வெறும் மல்லி.

இதோடு சேர்ந்தே வரும் இன்னும் இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டால் விஷயம் தெளிவாகும். கிரியோயோ என்றால் இந்த மண்ணிலேயே பிறந்தது, நம் வழக்கில் ‘நாட்டு’ ரகம். ஃபொராஸ்டேரோ என்றால் அசலூரான். இரண்டுமே முதலில் மனிதர்களைக் குறித்து, அப்புறம் மரத்துக்கு வந்த சொற்கள். வெனிசுவேலா விவசாயி தன் பழைய மரத்தை நாட்டு மரம் என்றும், வெளியிலிருந்து வந்ததை அசலூர் மரம் என்றும் சொன்னதுதான் உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. கிரியோயோவின் விதை வெளுத்திருக்கும், கசப்புக் குறைவு, நோய்க்குச் சீக்கிரம் விழும். ஃபொராஸ்டேரோவின் விதை ஊதா நிறம், கசப்பு அதிகம், மரம் உரமானது.

இந்த இரண்டும் டிரினிடாட்டில் சந்தித்த கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் ஆண்டுக் கணக்கோடு சொல்வார்கள். 1525இல் ஸ்பானியர்கள் கிரியோயோவைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். இரு நூற்றாண்டுகள் அது விளைந்தது. 1727இல் தோட்டங்கள் அழிந்துபோயின. புயலா, நோயா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; தீவின் வரலாற்றில் அந்த அழிவுக்கு ‘பிளாஸ்ட்’ என்றே பெயர். சுமார் முப்பது ஆண்டு கழித்து, 1757 வாக்கில், கப்புச்சின் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் வெனிசுவேலாப் பக்கமிருந்து ஃபொராஸ்டேரோ விதைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். அழிவில் தப்பித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற கிரியோயோ மரங்களோடு புது மரங்கள் கலந்தன. கலக்கவைத்தவை கொக்கோப் பூவுக்கு வந்துபோகும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு பூச்சிகள். மனிதர் யாரும் திட்டமிடவில்லை. பிறந்தது கிரியோயோவின் மணமும் ஃபொராஸ்டேரோவின் உரமும் கொண்ட மரம். விதை போட்டு வளர்த்தால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. காயின் நிறமும் வடிவமும் விதையின் நிறமும் மரத்துக்கு மரம் மாறும். ஆகவே டிரினிட்டாரியோவை ஒரே ஒரு ரகம் என்பதைவிட, ஒரு பெரிய குடும்பம் என்பதே சரி.

1797இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடிமை முறை ஒழிந்தபின் மலைச் சரிவுகளில் கொக்கோ பெருகியது. வெனிசுவேலாவிலிருந்து வந்து காடு திருத்திய உழைப்பாளிகளை அங்கே ‘கொக்கோ பான்யோல்’ என்பார்கள். எஸ்பான்யோல், அதாவது ஸ்பானியர் என்பதன் தேய்ந்த வடிவம். முதலாளியின் நிலத்தில் கன்று நட்டு ஐந்தாண்டு போல வளர்த்து, மரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவது அவர்களுடைய ஒப்பந்த முறை. இவர்களோடு இந்தியரும் சேர்ந்தார்கள். 1845 மே 30 அன்று முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தது. பின்னால் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின, அவற்றில் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் கரும்புக்குத்தான் போனார்கள். ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தவர்களில் கொக்கோ நிலம் வாங்கியவர்கள் கணிசம். கொக்கோவுக்கு நிழல் தர அங்கே நட்ட இம்மார்ட்டெல் மரம் நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது. ஸ்பானிய மொழியில் அதற்குக் ‘கொக்கோவின் தாய்’ என்று பெயர்.

1920களின் தொடக்கத்தில் ஏற்றுமதி 30,000 டன்னைத் தாண்டியது. அப்புறம் சரிவு. மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோ விலையை இறக்கியது, 1928இல் ‘சூனியக்காரித் துடைப்பம்’ என்கிற பூஞ்சை நோய் தீவுக்குள் நுழைந்தது, எண்ணெய்த் தொழில் ஆட்களை இழுத்துக்கொண்டது. இன்றைய விளைச்சல் ஆண்டுக்கு ஆயிரம் டன்கூட இல்லை. ஆனால் வீழ்ச்சிக் காலத்திலேயே செயின்ட் அகஸ்டினில் இருந்த வெப்பமண்டல வேளாண் கல்லூரியில் பெரிய காரியம் நடந்தது. 1930களில் தாவர ஆய்வாளர் எஃப். ஜே. பவுண்ட் தோட்டம் தோட்டமாகத் தேடி நூறு சிறந்த மரங்களைப் பொறுக்கி ஐ.சி.எஸ். (இம்பீரியல் கல்லூரித் தேர்வு) என்று எண்ணிட்டார். அந்த மரங்களின் வாரிசுகள் இன்று உலகின் பல நாடுகளில் நிற்கின்றன. சென்டெனோவில் உள்ள பன்னாட்டுக் கொக்கோ மரபணு வங்கியில் சுமார் 2,400 வகை மரங்கள் உயிரோடு வளர்கின்றன. அந்தத் தீவு உலகுக்குச் செய்துவரும் பெரிய உபகாரம் அதுதான் என்பேன்.

பயணம் போகிறவர்களுக்கும் இந்தச் சொல் உதவும். மரக்காஸ் பள்ளத்தாக்கில் ஒர்ட்டினோலா தோட்டம் இருக்கிறது. 1897இல் கேட்பரி நிறுவனம் வாங்கி வைத்திருந்த தோட்டம், இன்று காயை உடைப்பதிலிருந்து சாக்லேட் ஆக்குவது வரை வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். வடக்கு மலைத்தொடரில் லோப்பினோ, பிராஸோ செக்கோ என்ற சிற்றூர்கள் பான்யோல் மரபை விடாமல் வைத்திருப்பவை; கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்பானிய மொழியில் பராங் பாட்டு கேட்கலாம். பக்கத்துத் தீவான டொபாகோவில் ராக்ஸ்பரோ பக்கம் ஒரு தோட்டம் பார்வையாளர்களை அழைத்துப் போகிறது. போனால் ‘கொக்கோ வீட்டை’ அவசியம் பார்க்க வேண்டும். நொதித்த விதையை மேல்தளத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். கூரைக்குச் சக்கரம் உண்டு. வெயிலில் தள்ளித் திறப்பார்கள், மழை வந்தால் இழுத்து மூடிவிடுவார்கள். விதைமேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்குக் ‘கொக்கோ ஆடுதல்’ என்று பெயர். அரைத்த கொக்கோவை உருண்டை பிடித்து, துருவி, பட்டை, ஜாதிக்காயோடு கொதிக்கவைத்துக் குடிப்பது ‘கொக்கோ டீ’. பெயரில்தான் டீ, தேயிலை கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒட்டுக் கொக்கோ’ கூடாது. ஒட்டு என்றால் ஒட்டுக்கட்டியது, இதுவோ மகரந்தத்தால் கலந்தது. ‘கலப்பினக் கொக்கோ’ போதாது, ஈக்வடாரின் சி.சி.என். 51 உட்பட இன்று விளையும் ரகங்களில் பல கலப்பினம்தான். என் பரிந்துரை ‘டிரினிடாட் கொக்கோ’. ஒரு குழப்பம் வரும்: டிரினிடாட்டில் விளைந்ததா, டிரினிடாட் வகையா? மதுரை மல்லி விவகாரமும் அதேதான், பேச்சின் சூழல் பார்த்துக்கொள்ளும். ஐயத்துக்கு இடம் இருந்தால் ‘டிரினிடாட் வகைக் கொக்கோ’ என்று எழுதலாம். கிரியோயோவை ‘நாட்டுக் கொக்கோ’ ஆக்குவதை மட்டும் ஒப்ப மாட்டேன். தமிழில் நாட்டு என்றால் நம் நாட்டது என்று ஆகிவிடும். கொக்கோ நமக்கே வந்தேறிதான்: இந்தியாவில் அது முதலில் நடப்பட்டது 1798இல், கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வைத்த தோட்டத்தில், அதுவும் இன்றைய இந்தோனேசியாவின் அம்போய்னாத் தீவிலிருந்து வந்த கிரியோயோ. டிரினிடாட் கன்றுகளும் 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்திருக்கின்றன.

அதே போல, டிரினிடாட் கொக்கோவைப் பற்றிப் பேசும்போது வரும் ‘ஃபைன் ஃப்ளேவர்’ என்ற வணிகச் சொல்லை ‘உயர்தரம்’ என்று பெயர்ப்பது தவறு. அது தரவரிசை இல்லை. பழம், பூ, மரம், கொட்டைப் பருப்பு என்று மணம் விரியும் கொக்கோவைக் குறிப்பது. ‘நறுமணக் கொக்கோ’ என்றால் சரியாக உட்காரும். பன்னாட்டுக் கொக்கோ அமைப்பு டிரினிடாட் டொபாகோவின் ஏற்றுமதி முழுவதையும் அந்த வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் டிரினிடாட் கொக்கோ என்றாலே நறுமணக் கொக்கோ என்று ஆகாது. ஒழுங்காக நொதிக்கவைத்துப் பதமாகக் காயவைக்காவிட்டால், எந்த வம்சத்து விதையும் புளிப்பும் கசப்புமாகவே நிற்கும். உறையில் டிரினிட்டாரியோ என்று மட்டும் போட்டு, தோட்டத்தின் பெயரோ ஊரோ இல்லாமல் விட்டிருந்தால், மரத்தின் பூர்வீகத்தைச் சொல்லியிருக்கிறார்கள், சுவையைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று பொருள்.