ரிட்டர்ன் கிஃப்ட் பையில் ஒரு பட்டன் பேட்டரி

பிறந்தநாள் விழா முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு பை வந்து சேரும். பென்சில், ரப்பர், இரண்டு சாக்லெட், கூடவே ஏதாவது ஒரு மினுக்குச் சாமான். அழுத்தினால் எரியும் மோதிரம், தட்டினால் மின்னும் பந்து, சுழற்றினால் பாடும் பம்பரம். மொத்த விலைக் கடையில் டஜன் கணக்கில் வாங்கியதாக இருக்கும். வீட்டுக்குப் போன மறுநாளே மோதிரம் பிளந்து, உள்ளே இருந்த பட்டன் பேட்டரி, அதாவது வாட்ச் செல், பளபளவென்று தரையில் உருளும். இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ அதை எடுத்து எங்கே வைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குழந்தை காசை விழுங்கிவிட்டது என்றால் நம் வீடுகளில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். வாழைப்பழம் கொடு, சோற்றை உருட்டிக் கொடு, நாளைக்குள் வெளியே வந்துவிடும். காசுக்கே இது சரியான வழி அல்ல. பட்டன் பேட்டரிக்கு இதைச் செய்துகொண்டு ஒரு ராத்திரி காத்திருந்தால் குழந்தையின் உயிரே போகலாம். காசு தொண்டைக்குக் கீழே சிக்கினாலும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பேட்டரி சும்மா கிடக்காது. சிக்கிய இடத்தில் அது வேலை செய்யத் தொடங்கிவிடும்.

எல்லா பேட்டரியும் ஒரே அளவு ஆபத்து இல்லை. மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படித்தாலே பாதி விஷயம் தெரியும். சிஆர் 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், 3 வோல்ட் லித்தியம் செல். சிஆர் 2025, சிஆர் 2016 இரண்டும் அதே அகலம், தடிமன் மட்டும் குறைவு. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவுக்குழாயில் நின்று சிக்கிக்கொள்ளச் சரியான அளவும் இதுதான். எல்ஆர் 44, எல்ஆர் 41 போன்ற சிறியவை 1.5 வோல்ட். பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கிவிடும். ஆனால் மூக்கிலும் காதிலும் நுழைவது இவைதான்.

உள்ளே நடப்பது என்ன? பேட்டரி உடைந்து அமிலம் கசிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம், புத்தம் புதிய பேட்டரிதான் அதிகம் சுடும். எச்சிலும் ஈரச் சவ்வும் உப்புத் தண்ணீர் மாதிரி. பேட்டரியின் இரு முனைகளையும் அவை இணைத்துவிட, மின்சாரம் ஓடத் தொடங்கும். மைனஸ் முனையான எதிர்முனைப் பக்கம் தண்ணீர் பிரிந்து கடும் காரம் உண்டாகும், சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவின் குணத்தோடு. அமிலம் பட்ட சதை மேலே பொருக்குக் கட்டிக்கொள்ளும். காரம் பட்ட சதையோ கரைந்து கூழாகி, புண் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும்.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். கோழிக்கறித் துண்டு இரண்டை எடுத்து உப்பும் மஞ்சள்தூளும் தடவி, ஈரம் காயாமல் வையுங்கள். நடுவே ஒரு சிஆர் 2032. + குறி உள்ள வழவழப்பான பக்கம் மேலே, சின்ன வட்டம் தெரியும் எதிர்முனைப் பக்கம் கீழே. இரண்டாவது துண்டால் மூடுங்கள். சில நிமிடங்களில் ஓரத்தில் நுரை பொங்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் கீழ்த் துண்டில் மஞ்சள் சிவந்திருக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது வருகிற அதே சிவப்பு, காரத்தின் வேலை. இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் அந்த இடம் கருகிக் குழிந்துபோகும். பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யுங்கள். முடிந்ததும் பேட்டரியைத் தேடி எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். துண்டுகளைச் சமைக்காதீர்கள்.

அந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு. லித்தியம் செல் சிக்கினால் புண் கால் மணி நேரத்திலேயே தொடங்கிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான காயம் ஆகிவிடும். உணவுக்குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாய், பக்கத்தில் பெருந்தமனி. ஓட்டை எந்தப் பக்கம் விழும் என்பது எதிர்முனை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிக்கல் என்னவென்றால், விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தை அழாமலேயே இருக்கலாம். பிறகு எச்சில் வடியும், சாப்பாட்டைத் தள்ளும், இருமும், குரல் கம்மும், மூச்சு இரையும். பார்ப்பதற்குச் சாதாரண சளி, தொண்டைவலி. மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் கடத்துவது இப்படித்தான். வீட்டில் ஏதேனும் ஒரு சாமானின் பேட்டரி மூடி திறந்து கிடந்து, செல்லைக் காணவில்லை, குழந்தையும் சாப்பிட மறுக்கிறது என்றால் அது பேட்டரி இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் அங்கிருந்து எழுதி வாங்கி அலைவதைவிட, எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோப்பி வசதியும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போவது நல்லது. மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தால் அதுவே. வண்டி இல்லை என்றால் 108. வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழம், சோறு, பால் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். காரத்துக்கு மாற்று புளிப்பு என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றும் கெட்டிக்காரத்தனமும் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு தேன். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, நன்றாக விழுங்க முடிகிறது என்றால் போகிற வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு தடவை கொடுக்கலாம். தேன் பேட்டரிக்கும் சவ்வுக்கும் நடுவே பூச்சாகப் படர்ந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பேட்டரியை இறக்கிவிடாது. தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை இழக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது.

அவசரப் பிரிவு வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது" என்பதல்ல. "பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்பது. வரிசையில் உட்கார வைப்பதும் உடனே உள்ளே அழைப்பதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பேட்டரி அட்டையோ அது இருந்த பொம்மையோ கையோடு இருந்தால் அளவு தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் காசும் பேட்டரியும் முதல் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் பேட்டரியில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் ஓரம் படிபோல் இறங்கும். அந்தச் சிறிய படி உள்ள பக்கமே எதிர்முனை. எனவே பக்கவாட்டுப் படமும் எடுத்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

எடுத்துவிட்டார்கள் என்றால் முடிந்தது என்று இல்லை. புண் அதன் பிறகும் சில நாள் ஆழமாகிக்கொண்டே போகும். வாரங்கள் கழித்துக்கூடத் தமனி கிழிந்து ரத்தம் கொட்டலாம். வீட்டுக்கு வந்தபின் வாந்தியில் ஒரு சொட்டு ரத்தமோ கறுப்பு மலமோ தெரிந்தால் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் ஓட வேண்டும்.

மூக்கில் போட்டுக்கொண்டால் ஒரு பக்கத் துளையில் மட்டும் நாற்றத்தோடு கறுத்த நீர் வடியும். சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிவிடலாம். காதில் என்றால் சொட்டு மருந்து, எண்ணெய் எதுவும் விடாதீர்கள். சொட்டு மருந்தின் ஈரமே மின்சாரம் ஓட வழி செய்துவிடும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது பேட்டரி மூடி. திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் திறப்பதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையின் மின்னும் கொம்பிலும் மோதிரத்திலும் அந்த முத்திரையைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். அதைவிடப் பெரிய ஓட்டை, பொம்மை என்ற கணக்கிலேயே வராத சாமான்கள்: பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு வாங்கும் எல்இடி அகல், சுகர் பார்க்கும் கருவி, எடை மெஷின், கார் சாவி, ஸ்பீக்கரின் குட்டி ரிமோட். அமெரிக்காவில் 2022-இல் வந்த ரீஸ் சட்டம் பொம்மை அல்லாத வீட்டுச் சாமான்கள் பலவற்றுக்கும் குழந்தை திறக்க முடியாத மூடியைக் கட்டாயமாக்கியது. ரீஸ் என்பது ஒன்றரை வயதில் பட்டன் பேட்டரியால் இறந்த குழந்தையின் பெயர். இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை மூடியின் மேல் அழுத்தமாக ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்தான் துணை.

தீர்ந்த பேட்டரி பாவம், ஒன்றும் செய்யாது என்று மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள். சுகர் கருவியை ஓட்டச் சக்தி இல்லாத செல்லுக்கும் சதையைச் சுடும் அளவு வோல்ட் மிச்சம் இருக்கும். கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, உயரத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பெரியவர்களும் தப்புவதில்லை. காது கேட்கும் கருவியின் செல் மாத்திரை அளவுதான் இருக்கும். கருவியையும் மாத்திரை டப்பாவையும் ஒரே தட்டில் வைத்திருக்கும் தாத்தா, ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் எதை வாயில் போட்டோம் என்று தெரியாமலே தண்ணீர் குடித்துவிடுகிறார். செல் மாற்றும் வேலையைப் பகலில், மாத்திரை வேளை இல்லாத நேரமாகப் பார்த்து, வேறு அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.