கழித்தால் போதாதா? எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்கு

கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்து 'ஏ'வுக்கு ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் எண் 65. ஐபிஎம்மின் பெரிய கணினிகளான மெயின்பிரேம்களின் எப்சிடிக் முறையில் 193. சரி, எப்சிடிக்கை ஆஸ்கியாக மாற்ற 128-ஐக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். 'ஐ' வரை அது பலிக்கும். 'ஜே'வுக்கு வந்தால் வித்தியாசம் 135, 'எஸ்'ஸுக்கு 143.

இதற்குக் காரணம், தகவலைத் துளைகளாகப் பதிந்துவைத்த துளையட்டை. 1964-இல் சிஸ்டம்/360 கணினியோடு வந்த எப்சிடிக், அட்டையில் துளை போடும் பழைய முறையை ஒட்டியே அமைந்தது. ஓர் எழுத்துக்கு இரண்டு துளைகள்: மேலே மூன்று வரிசைகளில் ஒன்றில், கீழே 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றில். அதனால் எழுத்துகள் ஒன்பது, ஒன்பது, எட்டு என மூன்று கூட்டமாகப் பிரிந்தன, நடுவில் இடைவெளிகள். கடைசிக் கூட்டத்தின் முதல் இடத்தைச் சாய்கோடு பிடித்துக்கொண்டதால் 'எஸ்' இரண்டாம் இடத்தில் தொடங்குகிறது.

எனவே மெயின்பிரேமின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளர் மொழியில் யாரும் கழித்துக்கொண்டிருப்பதில்லை. 256 பைட் அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு 'டிஆர்' என்ற கட்டளையைக் கொடுப்பார்கள். பைட்டின் மதிப்பு எதுவோ, அட்டவணையில் அத்தனையாவது இடத்தில் இருப்பதை எடுத்து அதே பைட்டில் எழுதிவிடும். பூஜ்யத்திலிருந்து எண்ணி 193-ஆம் இடத்தில் 65 இருந்தால் 'ஏ' மாறிவிட்டது. நீளத்தைக் குறிக்க எட்டு பிட்தான் இருப்பதால் ஒரு கட்டளைக்கு 256 பைட் வரைதான். அதற்கு மேல் என்றால் சுழல் போட்டுத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அழகான கட்டளை, ஆனால் கண்ணில்லாதது. எழுத்தா எண்ணா என்று பார்க்காது.

மெயின்பிரேம் எண்களை அடக்கிச் சேமிக்கும் பேக்டு டெசிமல் முறையில் +405 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அரை பைட்டுக்கு ஓர் இலக்கம், கடைசியில் குறி (12 என்றால் கூட்டல்): 4, 0, 5, 12. பைட்டாகப் பார்த்தால், அதாவது முதல் பாதியை 16-ஆல் பெருக்கி அடுத்த பாதியைக் கூட்டினால், 64, 92. எப்சிடிக்கில் 64 வெற்றிடம், 92 நட்சத்திரக் குறி. எழுத்தும் எண்ணும் கலந்த முழுப் பதிவையும் டிஆரில் தள்ளினால் இவை ஆஸ்கியின் 32, 42 ஆகும். அரை பைட்டுகளாகப் பிரித்தால் 2, 0, 2, 10. மெயின்பிரேமுக்கு 10-உம் செல்லுபடியாகும் கூட்டல் குறிதான். ஆக 405 சத்தமில்லாமல் 202 ஆகிவிட்டது! குறி கெட்டிருந்தால் நிரல் எஸ்0சி7 என்ற தவறான தரவுப் பிழையோடு நின்றிருக்கும், அதுவே நல்லது. பதிவின் அமைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துப் புலங்களை மட்டும் ஒவ்வொன்றாக டிஆருக்குக் கொடுப்பதுதான் வழி. பேக்டு எண்களை முதலில் இலக்க எழுத்துகளாக விரித்துவிட்டு அப்புறம் மாற்றலாம்.